பேரரசுப் பெட்டி

போரின் கொடுமையையும் ஏகாதிபத்தியத்தின் தீமையையும் மாணாக்கர் மகிழ்ச்சியுடன் அனுபவித்து அறிந்துகொள்ள வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. மேலிடத்தில் என்ன முடிவானாலும் அது கீழே வந்து சேரும்போது ஒரு பெட்டியாகத்தான் வந்து சேரும். இதுவும் அப்படித்தான் வந்தது. ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற வண்டிப்பாதைப்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளி வாசலில், கொளுத்துகிற வெயிலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்று, ஒரு பெரிய பெட்டியை இறக்கிப் போட்டுவிட்டுப் போனது. பெட்டியின் மேல் 'பேரரசு: மகிழ்வழிக் கற்றல் பெட்டகம்' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பீரங்கிப் படம் ஒன்றும் போட்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் சாம்பசிவம் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவர் ஓய்வு பெறக் கொஞ்ச மாதங்கள்தான் பாக்கி. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் அதற்குள் தனக்கு ஒரு விசாரணை இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

அந்தப் பள்ளியில் பூட்டினால் பூட்டிக்கொள்கிற கதவு ஒன்றே ஒன்றுதான். ஒழுகாத கூரையும் சுற்றுகிற மின்விசிறியும் அதே அறைக்குத்தான். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. ஹாஜரா டீச்சரின் அறை.

அந்த அறை டீச்சருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முனிச்சாலையிலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வந்து, தகரக் கொட்டகையில் பிள்ளைகளோடு சேர்ந்து வருஷக்கணக்காக வெந்து, மனு மேல் மனு எழுதிப் போட்டு வாங்கிய அறை. கிடைத்த சந்தோஷத்தில் ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பள்ளிக்கு வந்து, சுவர் நிறைய உலக வரைபடம் வரைந்து வைத்தார். ஆப்பிரிக்கா லேசாகச் சாய்ந்துவிட்டது, இலங்கை கொஞ்சம் பெருத்துவிட்டது. ஆனாலும் காலையில் கதவைத் திறந்து அந்தச் சுவரைப் பார்த்தால்தான் டீச்சருக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

"ஒரு ஓரமா வச்சுக்கிருவோம் டீச்சர். ஒரு வாரந்தான். அது பாட்டுக்கு இருக்கும்" என்றார் சாம்பசிவம்.

ஹாஜரா சரித்திரம் படித்தவர். கடற்கரையில் ஓரமாக ஒரு கிடங்கு மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டு வந்தவர்களைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவர். ஆனால் பாடத்தில் வந்தவர்கள் கப்பலில் வந்தார்கள். இவர் தினமும் ஸ்டாஃப் ரூமில் எதிரே உட்கார்ந்து மோர் குடிக்கிறவர். டீச்சர் என்ன செய்வார், பாவம்.

"வைங்க சார்" என்றுவிட்டார்.

அடுத்த வாரம் அஸ்வத் வந்தார். மாவட்ட மகிழ்வழிக் கற்றல் ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் அடையாள அட்டை, காலில் வெள்ளை ஷூ, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். நாற்காலி இருக்கும்போது மேஜை மேல் உட்காருவார். இப்போதெல்லாம் கல்வியில் அதுதான் முன்னேற்றம்.

"டீச்சர், இனிமே நீங்க டீச்சர் கிடையாது. ஃபெசிலிட்டேட்டர்" என்றார்.

"அப்பப் பாடம் யாரு சார் நடத்துறது?"

"யாரும் நடத்தக் கூடாது. அதுவா நடக்கணும்."

பெட்டியைத் திறந்தார். மேஜை அகலத்துக்கு ஒரு பலகை. அதில் கடல், தீவு, துறைமுகம், கோட்டை. கலர் கலராகச் சிப்பாய்கள், குட்டிக் குட்டிப் பீரங்கிகள், ரெண்டு பகடை. ஐந்து அணிகள் பேரரசுகள். மீதி ரெண்டு அணிகள் சுதேசிகள். சுதேசிகளுக்கு விதி சுலபம். வருகிறவர்களுக்கு மிளகும் பருத்தியும் தர வேண்டும், பிறகு தோற்க வேண்டும், கடைசியில் அதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

"யாரெல்லாம் சுதேசி?" என்று அஸ்வத் கேட்டார். வகுப்பில் ஒரு கைகூட எழவில்லை.

"சார், எங்க வீட்ல திட்டுவாங்க சார்" என்றான் ஒருவன்.

அஸ்வத் கொஞ்சம் யோசித்தார். குழந்தைகளை வற்புறுத்தக் கூடாது என்பது மகிழ்வழிக் கற்றலின் அடிப்படை. "ஓகே. அப்ப எல்லாருமே பேரரசு."

"பிடிக்கிறதுக்கு நாடு வேணுமே சார்?" என்றார் ஹாஜரா.

"காலி நிலம்னு வச்சுக்கலாம் மேடம்."

முன் பெஞ்சில் இருந்த பாண்டீஸ்வரி எழுந்தாள். எதையும் கேட்காமல் விடாத பிள்ளை. "காலி நிலத்துக்கு எதுக்கு சார் பீரங்கி?"

"நல்ல கேள்வி" என்றார் அஸ்வத். நல்ல கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை போலிருக்கிறது. கையேட்டைப் புரட்டி முதல் விதியை வாசித்தார்: "அணிகளுள் மூத்த பேரரசு எதுவோ, அதுவே பகடையை முதலில் உருட்டுக."

அங்கேதான் பிடித்தது சனி.

அந்த விதியை எழுதிய மகராசன் எந்த ஏ.சி. அறையில் இருந்து எழுதினாரோ தெரியாது. வண்டிப்பாதைப்பட்டியில் 'மூத்தது யார், முதலில் யார்' என்ற பேச்சை எடுக்கிறவன் ஊருக்குப் புதுசாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஊரில் கம்மாக்கரைத் தெரு, பொட்டல் தெரு என்று ரெண்டு தெரு. ரெண்டும் ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்த தெருக்கள்தான். ஆனால் அய்யனார் கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் எந்தத் தெருவுக்கு என்பதில் மட்டும் ஒத்துவராது. மாமன் தலையில் முதலில் கட்டினால் மச்சானுக்கு ஆகாது. அமைதிப் பேச்சுவார்த்தை நடந்து, முடிவு எட்டப்படாமல், கோயிலுக்குத் தாசில்தார் பூட்டுப் போட்டு சீல் வைத்திருந்தார். அய்யனார் உள்ளே இருந்தார், அவர் குதிரை வெளியே நின்றது.

"எங்க கம்மாக்கரைத் தெருதான் சார் மூத்தது" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஊருக்கு முதல்ல வந்தது பொட்டல் தெருதான் சார். வேணும்னா யாரையும் கேளுங்க" என்று எழுந்தான் அசாருதீன். அய்யனார் கோயில் பரிவட்டத்தில் அவனுக்கு ஒரு முழம் துணிகூடக் கிடைக்கப் போவதில்லை. இருந்தாலும் தெரு என்று வந்துவிட்டால் தெருதான்.

வகுப்பு ரெண்டாகப் பிரிந்து கத்தியது. அஸ்வத் பூரித்துப் போனார். "பாருங்க மேடம், எப்படி ஒன்றிப்போயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, பாண்டீஸ்வரி கையில் பகடையைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்தார். 'முதல் பேரரசு' என்று தலைப்புப் போட்டு அங்கேயே நின்று அனுப்பியும் விட்டார். அது எந்தெந்த குரூப்புக்கெல்லாம் போனதோ, சாயங்காலத்துக்குள் பொட்டல் தெருவில் ஒரு செல்போன் பாக்கி இல்லை.

மறுநாள் காலையில் பொட்டல் தெருவிலிருந்து தவசி ஆள்களோடு வந்தார். கையில் கம்பு இல்லை, வாயில் கெட்ட வார்த்தை இல்லை. அதுதான் சாம்பசிவத்தைப் பயமுறுத்தியது. அவர்கள் மரியாதையாகப் பேசினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"படிப்பு விஷயத்துல நாங்க தலையிடுறதில்ல சார். நீங்க எந்த நாட்டை வேணாலும் பிடிங்க. எங்க பிள்ளைகளை ரெண்டாவதா உருட்டச் சொன்னீகன்னா, நாளைக்கு அதையே காட்டி, பள்ளிக்கூடத்துலயே எங்களுக்குத்தான் முதல்னு அவுக கோயில்ல வந்து நிப்பாக."

அவர் சொல்லி முடிக்கவில்லை, கம்மாக்கரைத் தெருவின் சின்னக்கருப்பன் உள்ளே வந்தார். பாண்டீஸ்வரியின் அப்பா. தவசிக்குச் சொந்த மச்சான்.

"வாங்க மச்சான்" என்றார் தவசி.

"இருக்கட்டும் மாப்ள" என்றார் சின்னக்கருப்பன். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, "பிள்ளை கையில குடுத்த பகடையைத் திரும்ப வாங்கினா அது எங்க தெருவுக்கே அவமானம் சார். அம்புட்டுத்தான் சொல்லுவோம்" என்றார்.

"அண்ணே, ரெண்டு தெருவுக்கும் பகடை ஒண்ணு ஒண்ணு குடுத்துரலாமா? ஒரே நேரத்துல உருட்டட்டும்" என்று கேட்டுப் பார்த்தார் ஹாஜரா.

"யாரு பகடை முதல்ல நிக்குதோ, அது முதல் ஆயிருமே டீச்சர்" என்றார்கள் ரெண்டு பேரும் ஒரே குரலில். இதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

சாம்பசிவம் அன்றைக்கே மேலே எழுதினார். 'வகுப்பறையில் பேரரசுகளுக்கிடையே பதற்றம் நிலவுவதால்' என்று தொடங்கிய அந்தக் கடிதம் போகவேண்டிய இடத்துக்குப் போய், வட்டாட்சியர் அருள்பாண்டி தலைமையில் அமைதிப் பேச்சுவார்த்தை கூட்டப்பட்டது. பள்ளி வாசலில் பந்தோபஸ்துக்கு ரெண்டு போலீஸ்காரர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார்கள். கூட்டம் ஹாஜரா டீச்சரின் அறையிலேயே நடந்தது. மின்விசிறி அங்கேதானே சுற்றுகிறது.

அருள்பாண்டி பழுத்த அனுபவஸ்தர். அவர் சாவிக்கொத்தில் மூன்று கோயில், ஒரு நந்தவனம், ஒரு மஞ்சுவிரட்டுப் பொட்டல் எல்லாம் இருந்தன. அவர் கேட்டார்: "இந்த வருஷம் ஒரு தெரு, அடுத்த வருஷம் ஒரு தெரு. என்ன சொல்றீங்க?"

"அடுத்த வருஷம் பிள்ளைக பத்தாவது போயிருவாகளே சார்" என்றார் தவசி. "பத்தாவதுக்கு இந்த விளையாட்டு கிடையாதே."

"ஒன்பதாவதிலேயே இன்னொரு வருஷம் இருக்கட்டும்" என்றார் வட்டாட்சியர். சாம்பசிவம் தலையைச் சொறிந்தார். தேர்ச்சி விழுக்காடு இடிக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்மானம் வாசிக்கப்பட்டது. இறுதி முடிவு எட்டப்படும் வரை தற்போதைய நிலையே நீடிக்கும். இரு தரப்பாரும் பகடையைத் தொடக் கூடாது. அரசு நடுநிலையானது என்பதால், முதல் உருட்டை அரசின் சார்பில் வட்டாட்சியரே உருட்டுவார். பெட்டி இருக்கும் அறையின் சாவியும் அரசிடம் இருக்கும். ரெண்டு தெருவும் முழு மனதோடு சம்மதித்தன. தனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்கவில்லை, அதைவிட என்ன வேண்டும்?

ஹாஜரா எழுந்தார். "சார், இது என்னோட கிளாஸ் ரூம். பெட்டியைத் தூக்கி ஆபீஸ் ரூம்ல வச்சுக்கிட்டாப் போதுமே?"

"பெட்டியை எந்தப் பக்கம் நகர்த்துவீங்க டீச்சர்?"

"கிழக்கால. அங்கதான் ஆபீஸ் ரூம்."

"கம்மாக்கரைத் தெரு கிழக்கால இருக்கு" என்றார் அருள்பாண்டி வருத்தத்தோடு. "பொட்டல் தெருக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"அப்ப எங்க பிள்ளைக எங்க சார் உக்காரும்?"

வட்டாட்சியர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அந்தா சைக்கிள் ஷெட் இருக்குல்ல. நல்லா காத்து வரும்."

கதவைச் சாத்திப் பூட்டு மாட்டி, துணி சுற்றி, அரக்கு ஊற்றினார்கள். சுவரில் இருந்த உலகம் மொத்தமும் உள்ளே போய்விட்டது. அழுதால் பிள்ளைகள் பார்க்கும் என்று ஹாஜரா கரும்பலகைத் துணியை உதறிக்கொண்டே ஷெட்டுக்கு நடந்தார்.

காற்று வந்தது உண்மைதான். அதோடு புழுதி வந்தது, மதிய உணவுக் கூடத்துப் புகை வந்தது, நாலு ஆடும் வந்தது. சங்கு ஒலிக்கிற மாதிரி மேலூர் பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் வட்டாட்சியர் ஜீப்பில் வந்து, சீலை உடைத்து, பகடையை உருட்டிவிட்டு, மறுபடி சீல் வைத்துவிட்டுப் போனார். இதில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. அரசு ஓர் அணி ஆகாது. ஆனால் உருட்டிய எண்ணை அப்படியே விட்டால் தணிக்கையில் கேட்பார்கள். அதனால் விழுந்த எண்ணுக்குத் தக்கபடி, அரசின் சார்பில் சிப்பாய்கள் பலகையில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு துறைமுகம், ஒரு தீவு. மறுபக்கம் ஆட ஆளே இல்லாததால், காலாண்டுப் பரீட்சைக்குள் பலகையில் இருந்த அத்தனை நாடும் அரசிடம் வந்துவிட்டன. ஒரு பிள்ளைகூடச் சிப்பாயைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பலகையைக் காவல் காக்க ஒரு உதவியாளர் போடப்பட்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தூக்கம் வந்தது. அதனால் ஒரு மேஜை போட்டார்கள். மேஜை இருந்ததால் கோப்பு வந்தது. கோப்புக்கு அலமாரி வந்தது. அலமாரி இந்தியாவை மறைத்தது. காலண்டர் மாட்ட ஆணி வேண்டும் என்று ஆப்பிரிக்காவில் அடித்தார்கள். ஒரு திங்கள்கிழமை வாசலில் 'தற்காலிக முகாம் அலுவலகம்' என்று போர்டு தொங்கியது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இங்கேயே.

ஹாஜரா நேராக வரிசையில் நின்றுகொண்டிருந்த சின்னக்கருப்பனிடம் போனார். அவருக்கு அடுத்தாற்போல் தவசி நின்றிருந்தார். ரெண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, உங்களுக்குள்ள சமாதானம் ஆயிருச்சுல்ல? சண்டை இல்லைன்னு ரெண்டு பேரும் ஒரு மனு குடுங்க. எனக்கு என் ரூம் திரும்பக் கெடச்சிரும். பிள்ளைக ஷெட்ல கெடந்து சாகுதுக."

"அதுக்கென்ன டீச்சர், தாராளமாக் குடுக்குறோம்" என்றார் சின்னக்கருப்பன். "ஆனா ஒண்ணு, இந்த ஆபீஸ் போயிறாதுல்ல? தாலுகாவுக்கு பஸ் ஏறாம இங்கேயே முடிஞ்சிருது பாருங்க."

வெள்ளைக்காரன் ரயில் விட்டானே என்று யாரோ சொல்வது போல டீச்சருக்குக் கேட்டது. "ஒங்க மக உக்காந்து படிக்கிற எடம்ணே அது" என்றார். சின்னக்கருப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மனுசன் கெட்டவர் இல்லை. "சரி டீச்சர், எழுதுங்க" என்றார்.

டீச்சர் அங்கேயே நின்று மனுவை எழுதி நீட்டினார். சின்னக்கருப்பன் பேனாவை வாங்கினார்.

"இருங்க மச்சான்" என்றார் தவசி. "யாரு முதல்ல கையெழுத்துப் போடுறது?"

மனு டீச்சர் கைப்பையிலேயே தங்கிவிட்டது.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அஸ்வத் மறுபடி வந்தார். கற்றல் விளைவை மதிப்பிட வேண்டுமாம். ஷெட்டில் சைக்கிள் கேரியர் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, "ஏகாதிபத்தியம்னா என்ன? யாராவது உங்க சொந்த வார்த்தையில?" என்று கேட்டார்.

பாண்டீஸ்வரி எழுந்தாள். "முதல்ல ஒரு பெட்டி வரும் சார். ஓரமா வச்சுக்கிறோம்னு கேப்பாங்க. அப்புறம் அங்க இருக்கிறவங்க ரெண்டு பேரும் யாரு பெரியவன்னு அடிச்சுக்கிருவாங்க. வந்தவங்க, சண்டை போடாதீங்க, சாவி எங்ககிட்ட இருக்கட்டும்பாங்க. அதுக்கப்புறம் போர்டு மாட்டிருவாங்க."

"போர்?"

"அது தேவைப்படலை சார்."

ஹாஜராவுக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இப்போதாவது இந்த ஆளுக்கு உறைக்கும் என்று அஸ்வத் முகத்தையே பார்த்தார். அஸ்வத்தின் கண் கலங்கியே விட்டது.

"மேடம், என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரிசல்ட் பார்த்ததில்லை. நூறு சதவீதக் கற்றல் விளைவு. பெட்டி அருமையா வேலை செஞ்சிருக்கு."

"பெட்டியை நாங்க தொடவே இல்லையே சார்" என்றான் அசாருதீன்.

"அதுதான்டா கண்ணா மகிழ்வழி" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கு 'மாதிரிப் பள்ளி' என்று பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதை மாட்ட நல்ல சுவர் முகாம் அலுவலகத்தில்தான் இருந்தது. கூடவே, வெற்றியைப் பாராட்டும் விதமாக, குட்டியானையில் இன்னொரு பெட்டியும் வந்து இறங்கியது.

அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டில் தண்ணீர் முழங்காலுக்கு ஏற, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் வந்து ஒண்டியது. இன்னும் கொஞ்ச நாளில் பரீட்சை. ஹாஜரா ஈரப் புடவையோடு ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆறாம் வகுப்பு அறையில் ஒரே கூச்சல். ஏ பிரிவும் பி பிரிவும் ஒரே அறையில். மழை ஒழுகாத பக்கம் யாருக்கு என்று சண்டை. "நாங்கதான் முதல்ல வந்தோம்" என்றது ஏ. "நாங்கதான் பெரியவங்க" என்றது பி. அவர்களுடைய டீச்சர் அன்றைக்கு விடுப்பு.

ஹாஜரா வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு திரும்பிப் போய், நனையாமல் இருக்க வராந்தா ஓரத்தில் சாத்தி வைத்திருந்த புதுப் பெட்டியைப் பாண்டீஸ்வரியும் அசாருதீனும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கண்ணுகளா, இந்தப் பெட்டியை ஒரு ஓரமா வச்சுக்கிறேன், சரியா? அது பாட்டுக்கு இருக்கும்."

பாண்டீஸ்வரி அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வராந்தாவில் அவருடைய பிள்ளைகள் நனைந்துகொண்டு நின்றன.

"இப்ப என்ன சண்டை? யாரும் சண்டை போட வேண்டாம். இந்த ரூம் சாவி டீச்சர்கிட்டயே இருக்கட்டும்" என்று, பூட்டாத அந்தக் கதவில் சும்மா தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டார்.

ரெண்டு பிரிவும் உடனே சம்மதித்தன. ஏ பிரிவுக்குக் கிடைக்காதது பி பிரிவுக்கும் இல்லை. பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு ஓடிப்போய் இடம் பிடித்தது. கடைசியாக வந்த ஒரு வாண்டு, கையில் ஜாமெட்ரிப் பெட்டியோடு டீச்சரை அண்ணாந்து பார்த்துக் கேட்டது.

"டீச்சர், அப்ப நாங்க எங்க உக்கார?"

ஹாஜரா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"மழை விட்டதும் சைக்கிள் ஷெட்டுக்குப் போங்கடா தங்கம். நல்லா காத்து வரும்."